வேலை அனுமதி பேரப்பொருள் அல்ல

அகதிகளை அவர்கள் நாட்டுக்குப் பக்கத்திலேயே தங்கவைப்போம். தங்கவைக்கும் நாட்டுக்குப் பணமும் வணிகச் சலுகையும் தருவோம். பதிலுக்கு அந்த நாடு அகதிகளுக்கு வேலை அனுமதி வழங்கட்டும். இதில் நஷ்டப்படுபவர் யாருமில்லை. கடந்த பத்தாண்டுகளாக உலக வங்கியிலிருந்து ஐரோப்பிய ஆணையம் வரை திரும்பத் திரும்பச் சொல்லப்படும் வாதம் இது. பொருளாதாரம் படித்தவர்களுக்கு நியாயமாகத் தெரிகிறது. அகதிகள் மேல் இரக்கம் உள்ளவர்களுக்கும், அவர்கள் தங்கள் ஊருக்கு வந்துவிடக் கூடாது என்று நினைப்பவர்களுக்கும் ஒரே நேரத்தில் பிடித்துப்போகிறது. அதனால்தான் இதை யாரும் தீவிரமாக எதிர்ப்பதில்லை. நான் எதிர்க்கிறேன். உழைத்துப் பிழைக்கும் உரிமையை அகதியின் கையிலிருந்து எடுத்து இரண்டு அரசுகள் பேசும் மேசையில் வைத்தால், அகதிக்குக் கிடைப்பது கொஞ்சம், உள்ளூர்த் தொழிலாளிக்கு வருவது கேடு, அரசுகளுக்குக் கிடைப்பது ஒரு மிரட்டல் கருவி.

வாதத்தை அதன் வலுவான வடிவத்திலேயே எடுத்துக்கொள்வோம். ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியர்களான அலெக்சாண்டர் பெட்ஸும் பால் காலியரும் 2015-இல் இதை ஒரு திட்டமாக முன்வைத்தார்கள். ஜோர்டானின் வடக்கே ஸாத்தரி முகாமில் அப்போது ஏறத்தாழ 80,000 சிரியர்கள் வேலையில்லாமல் முடங்கிக் கிடந்தார்கள். காரில் சிறிது நேரம் போனால் மன்னர் ஹுசைன் பின் தலால் பெயரில் ஒரு தொழில் மண்டலம். அங்கே இடம் இருந்தது, ஆள் இல்லை. இரண்டையும் இணைத்தால் என்ன? 2016 பிப்ரவரியில் லண்டனில் கூடிய சிரிய உதவி மாநாட்டில் இது ஜோர்டான் உடன்படிக்கை ஆனது. மூன்றாண்டுகளில் 170 கோடி டாலர் நன்கொடை, மலிவு வட்டிக் கடன், ஐரோப்பியச் சந்தையில் பத்தாண்டுச் சலுகை. ஜோர்டான் தன் பங்குக்குச் சிரியர்களுக்கு 2,00,000 வேலை வாய்ப்புகளைத் திறப்பதாகச் சொன்னது. 18 தொழில் மண்டலங்களில் தயாராகும் 52 வகைப் பொருள்களுக்கு ஐரோப்பிய ஒன்றியம் விதிகளைத் தளர்த்தியது. நிபந்தனை: அந்தத் தொழிற்சாலைகளில் 15 விழுக்காட்டினர், மூன்றாம் ஆண்டிலிருந்து 25 விழுக்காட்டினர், சிரியர்களாக இருக்க வேண்டும்.

இதில் உண்மை இல்லாமல் இல்லை. உலக அகதிகளில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேரை ஏழை நாடுகளும் நடுத்தர வருவாய் நாடுகளுமே தாங்குகின்றன. அவற்றுக்குப் பணம் போகத்தான் வேண்டும். ரொட்டிக்கும் எண்ணெய்க்கும் ஆண்டுக்கணக்கில் வரிசையில் நிற்க வைப்பதைவிட வேலை கொடுப்பது மேல். ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட சிரியர்கள் பதிவாகியிருந்த ஜோர்டானில் 2016-க்கு முன் வேலை அனுமதி வைத்திருந்தவர்கள் சில ஆயிரம் பேர்தான். தொழிலாளர் துறை ஆய்வாளர் வந்தால் சாரத்திலிருந்து குதித்து ஓடவேண்டிய நிலை சிலருக்காவது மாறியது. இதையெல்லாம் ஒப்புக்கொண்டுதான் என் மறுப்பைத் தொடங்குகிறேன்.

1. எதை எண்ணினார்கள்?

அனுமதிச் சீட்டை எண்ணினார்கள், ஆளை எண்ணவில்லை. நன்கொடையாளர்களுக்குக் காட்ட வேண்டிய கணக்கு 2,00,000. ஓராண்டு அனுமதி வாங்கியவர் மறு ஆண்டு புதுப்பித்தால் அது இன்னொரு எண்ணாக ஏறும். ஒரே ஆள் மூன்றாண்டில் மூன்று ஆளாகிவிடுவார். 2018 முடியும்போது வழங்கப்பட்ட மொத்த அனுமதிகள் ஒரு லட்சத்தைத் தாண்டியிருந்தன. அன்றைய தேதியில் செல்லுபடியாகும் அனுமதியைக் கையில் வைத்திருந்தவர்களோ ஏறத்தாழ 45,000 பேர். பெண்களுக்குப் போனவை இருபதில் ஒன்று என்ற அளவில்தான்.

ஏன் இவ்வளவு குறைவு? உடன்படிக்கையின் முதல் ஆண்டில், ஜோர்டானின் மஃப்ரக் நகரில் ஒரு சிரியக் கொத்தனாரின் ஒரு மாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வாரம் ஒரு ஒப்பந்தக்காரரிடம் சுவர் எழுப்புகிறார். அடுத்த வாரம் வேறொருவரிடம் பூச்சு வேலை. பிறகு நான்கு நாள் வேலையில்லை. அப்புறம் தெரிந்தவர் வீட்டில் டைல்ஸ். ஆனால் அவருடைய அனுமதிச் சீட்டில் எழுதியிருப்பது ஒரே முதலாளியின் பெயர். அந்த முதலாளியிடம் வேலை இல்லாத நாளில் அவர் வேறு எங்கே கரண்டி பிடித்தாலும் சட்டமீறல். அதனால் பலர் என்ன செய்தார்கள்? தெரிந்த யாரோ ஒரு ஜோர்டானியருக்குப் பணம் கொடுத்துப் பேரளவில் முதலாளியாகக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். வேலைக்கு உரிமை தருவதாகச் சொன்ன ஏற்பாடு, அந்த உரிமையையே காசு கொடுத்து வாங்கும் ஒரு கள்ளச் சந்தையை உருவாக்கியது.

கட்டுமானத்தில் 2017-இல் ஒரு மாற்றம் வந்தது. தொழிற்சங்கக் கூட்டமைப்பின் வழியாக, குறிப்பிட்ட முதலாளி இல்லாமலே அனுமதி வாங்கலாம் என்றார்கள். விவசாயத்தில் கூட்டுறவுச் சங்கங்கள் வழியாக அதற்கு முன்பே அப்படி ஒரு வழி இருந்தது. அனுமதி எண்ணிக்கை ஏறியது பெரும்பாலும் இந்த இரண்டு வழிகளில்தான். முதலாளியோடு கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்த இடத்தில் மக்கள் வந்தார்கள். பேரத்தின் பெருமையாகக் காட்டப்பட்ட தொழில் மண்டலங்களுக்கு வரவில்லை.

2. தொழிற்சாலைக்குள் யாராவது எட்டிப் பார்த்தார்களா?

முகாமில் ஆள், மண்டலத்தில் காலியிடம் என்ற கணக்கு வரைபடத்தில் சரியாக இருந்தது. தொழிற்சாலைக்குள் இல்லை. ஜோர்டானின் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகள் பெரும்பாலும் அமெரிக்காவுக்குத் துணி தைப்பவை. அமெரிக்காவோடு உள்ள வணிக ஒப்பந்தத்தை நம்பிக் கட்டப்பட்டவை. அங்கே தையல் எந்திரத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் பங்களாதேஷ், இலங்கை, இந்தியா, நேபாளத்திலிருந்து வந்த பெண்கள். தொழிற்சாலை விடுதியில் தங்குகிறார்கள், குழந்தைகளை ஊரில் விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள், ஓவர்டைம் பார்த்தால்தான் வீட்டுக்கு அனுப்ப ஏதாவது மிஞ்சும். அந்தத் தொழிலின் கூலியும் நேரமும் இப்படிப்பட்ட தொழிலாளியை அளவெடுத்துத் தைத்தவை.

அதே நாற்காலியில் மஃப்ரக்கில் மூன்று குழந்தைகளோடு வாடகை வீட்டில் இருக்கும் ஒரு சிரியத் தாயை உட்காரச் சொன்னால் எப்படி உட்காருவாள்? காலையும் மாலையும் நீண்ட பேருந்துப் பயணம். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. குறைந்தபட்சக் கூலியை ஒட்டிய சம்பளம். வாடகைக்கும் பேருந்துக்கும் போனால் மீதி என்ன? ஆடைத் தொழிற்சாலைகள் கூப்பிட்டபோது வந்தவர்கள் மிகச் சிலர். உடனே, சிரியர்களுக்கு உழைக்க மனமில்லை, உதவித்தொகை நின்றுவிடுமோ என்று பயப்படுகிறார்கள் என்று பேச்சு கிளம்பியது. போர் தொடங்கும் முன்பே விவசாயக் கூலிக்கும் கட்டட வேலைக்கும் எல்லை தாண்டி ஜோர்டானுக்கு வந்து போனவர்கள் சிரியர்கள். அவர்களைப் பார்த்துச் சோம்பேறி என்று சொல்வதற்கு வெட்கப்பட வேண்டும்.

ஐரோப்பியச் சலுகையும் பெரிதாகப் பயன்படவில்லை. முதல் ஆண்டுகளில் அதன் கீழ் ஏற்றுமதி செய்த நிறுவனங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. 2018 டிசம்பரில் விதிகளை மறுபடியும் தளர்த்த வேண்டியிருந்தது.

இன்னொன்றை யாரும் பேசுவதில்லை. அந்த 25 விழுக்காட்டு ஒதுக்கீடு முழுமையாக நிறைவேறியிருந்தால் யார் வெளியே போயிருப்பார்கள்? விடுதியில் தங்கித் தைக்கும் இலங்கைப் பெண்ணும் பங்களாதேஷ் பெண்ணும்தான். பிரஸ்ஸல்ஸில் எழுதிய ஒரு விதிக்காக அகதியையும் புலம்பெயர்ந்த கூலியையும் ஒரே நாற்காலிக்கு முட்டிக்கொள்ள விடுவதற்கு ‘யாருக்கும் நஷ்டமில்லை’ என்ற பெயர் பொருந்தாது.

3. உள்ளூர்க்காரன் வேலை போகாதா?

இந்தக் கேள்விதான் பேரத்துக்கு உயிர் கொடுக்கிறது. அகதிக்கு வேலை கொடுத்தால் உள்ளூர்க்காரனுக்கு நஷ்டம். ஆகவே அந்த நஷ்டத்துக்கு யாராவது விலை கொடுக்க வேண்டும். அதோடு அகதியைச் சில தொழில்களுக்குள் அடைத்து வைக்கவும் வேண்டும். ஜோர்டான் அப்படித்தான் செய்தது. விவசாயம், கட்டுமானம், தொழிற்சாலை திறந்தன. மருத்துவம், பொறியியல், சட்டம், ஆசிரியப் பணி, ஓட்டுநர் வேலை எல்லாம் மூடியே இருந்தன.

சான்றுகள் என்ன சொல்கின்றன? ஜோர்டானில் அகதிகள் அதிகம் வந்த பகுதிகளையும் வராத பகுதிகளையும் ஒப்பிட்ட பொருளாதார ஆய்வாளர்கள், ஜோர்டானியர்களின் வேலையிலும் கூலியிலும் சரிவைக் காணவில்லை. கொலம்பியா 2018-இல் ஏறத்தாழ 4,40,000 வெனிசுவேலர்களுக்கு ஒரே வீச்சில் வேலை அனுமதி கொடுத்தது. முறைசார்ந்த வேலைகளில் உள்ளூர்க்காரர்களுக்கு ஏற்பட்ட பாதிப்பு கண்டுபிடிக்க முடியாத அளவுக்குச் சிறியது. எல்லா ஆய்வும் ஒரே பக்கம் சாயவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். துருக்கியில் சிரியர்கள் குவிந்த மாகாணங்களில் பதிவில்லாத வேலைகளில் இருந்த துருக்கிய ஏழைகள் இடம் இழந்தார்கள். ஆனால் எந்த இடத்தில் இழந்தார்கள் என்று கவனியுங்கள். அனுமதி இல்லாத சிரியர்களும் பதிவில்லாத துருக்கியர்களும் சந்தித்துக்கொண்ட ஒரே இடம் அதுதான். சட்டப்படியான வேலைக்கு வழியில்லாதபோது அகதி சட்டத்துக்கு வெளியே உள்ள வேலையில்தான் குவிவார். அங்கே கூலியைக் குறைப்பவன் முதலாளி. அகதியின் அனுமதியின்மை அவனுக்குக் கிடைத்த கத்தி. அந்தக் கத்தி அகதியை மட்டுமா வெட்டும்?

இதைப் புரிந்துகொள்ள நாம் ஜோர்டான் வரை போக வேண்டியதில்லை. 1983-க்குப் பிறகு வந்த ஈழத் தமிழர்கள் தமிழ்நாட்டில் இன்றும் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் இருக்கிறார்கள். 2021-இல் மாநில அரசு சொன்ன கணக்குப்படி முகாம்களில் மட்டும் 58,000-க்கும் மேற்பட்டோர். இந்தியா 1951-ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. சட்டப்படி அவர்களுக்கு வேலை உரிமை என்று ஒன்று எழுதப்படவில்லை. அதனால் வேலை செய்யாமலா இருக்கிறார்கள்? முகாம் இளைஞர்களின் தொழில் என்று கேட்டால் பெயிண்டிங் என்றுதான் பதில் வரும். பொறியியல் படித்தவரும் பிரஷ்ஷோடு சாரம் ஏறுகிறார். பதிவு நாளில் முகாமில் இருந்தாக வேண்டும் என்பதால் தூரத்து வேலையை ஒப்புக்கொள்ள முடியாது. மேஸ்திரி கூலியில் கைவைத்தால் எங்கே போய்ப் புகார் சொல்வது? கியூ பிரிவு போலீஸின் பார்வையில் வாழ்கிறவர் காவல் நிலையப் படி ஏறுவாரா? அவருக்குக் குறைத்துக் கொடுத்துப் பழகிய மேஸ்திரி, பக்கத்தில் நிற்கும் உள்ளூர்க்காரருக்கு மட்டும் முழுக்கூலி கொடுப்பான் என்று எதிர்பார்க்க என்ன காரணம் இருக்கிறது? இந்திய அரசு 2025 செப்டம்பரில், 2015 ஜனவரி 9-க்கு முன் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழ் அகதிகளுக்கு, ஆவணமின்றித் தங்கியதற்கான தண்டனையிலிருந்து விலக்கு அளித்தது. நல்லதுதான். தண்டனை இல்லை என்பது வேறு, உரிமை உண்டு என்பது வேறு.

உள்ளூர்த் தொழிலாளியைக் காக்க வேண்டும் என்று மெய்யாகவே நினைப்பவர், அகதிக்கும் அதே குறைந்தபட்சக் கூலி, அதே தொழிலாளர் நீதிமன்றம், அதே சங்கம் வேண்டும் என்று கேட்க வேண்டும்.

4. ஏன் சிரியர்களுக்கு மட்டும்?

அம்மானில் சூடானியர், சோமாலியர், யேமனியர், இராக்கியர் எல்லாரும் அகதிகளாக இருக்கிறார்கள். உடன்படிக்கையின் வேலை அனுமதி ஏற்பாட்டில் இவர்கள் யாரும் இல்லை. லண்டன் மாநாட்டுக்கு ஏழு வாரம் முன்பு, 2015 டிசம்பரில், ஜோர்டான் ஏறத்தாழ 800 சூடானியர்களை விமானமேற்றித் திருப்பி அனுப்பியது. அவர்களில் பலர் டார்ஃபூர் வன்முறைக்குத் தப்பி வந்தவர்கள். மாநாட்டில் இது ஒரு தடையாக இல்லை. 2015-இல் படகேறி ஐரோப்பாவை உலுக்கியவர்களில் முதலிடம் சிரியர்களுக்கு. அதனால் அவர்களுடைய வேலைக்கு விலை கிடைத்தது. டார்ஃபூர்க்காரரின் பசியால் பெர்லினில் எந்த ஆட்சிக்கும் ஆபத்தில்லை. ஆகவே அவருக்கு விலையில்லை. அகதியின் தேவையைப் பார்க்காமல், அவர் எவ்வளவு பயத்தைக் கிளப்புவார் என்பதைப் பார்த்து அளக்கும் ஏற்பாட்டை மனிதநேயம் என்று எப்படிச் சொல்ல முடியும்?

இதே ஐரோப்பிய ஒன்றியம் 2022 மார்ச்சில் என்ன செய்தது? ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்த சில நாள்களில் தற்காலிகப் பாதுகாப்பு ஆணையை அமலுக்குக் கொண்டுவந்தது. நாற்பது லட்சத்துக்கும் மேற்பட்ட உக்ரைனியர்கள் அதன் கீழ் வந்தார்கள். முதலாளி பெயரில் சீட்டு, விழுக்காட்டு ஒதுக்கீடு, தொழில் மண்டலம் எதுவும் தேவைப்படவில்லை. சரியான காரியம், அதைக் குறை சொல்லவில்லை. செய்ய முடியும் என்பதற்கு அதுவே சான்று.

மாநாடு நடந்த பிரிட்டனையும் பார்ப்போம். அங்கே தஞ்சம் கேட்டு விண்ணப்பித்தவர், முடிவு வராமல் ஓராண்டு கடக்கும்வரை வேலை செய்யக் கூடாது. அதன் பிறகும் அரசு பட்டியலிட்ட சில வேலைகளுக்கு மட்டுமே, அதுவும் கேட்டு வாங்கினால்தான். அந்த நாடு தன் மண்ணில் தராத ஒன்றை ஜோர்டானிடம் காசு கொடுத்து வாங்க லண்டனில்தான் கூடினார்கள்.

5. பேரத்தின் மறுமுனை யார் கையில்?

எந்தப் பொருளுக்கு விலை வைக்கிறோமோ, அந்தப் பொருளைத் தர மறுப்பதற்கும் ஒரு விலை பிறந்துவிடும். 2016 மார்ச் 18-இல் ஐரோப்பிய ஒன்றியமும் துருக்கியும் உடன்பாடு செய்துகொண்டன. 600 கோடி யூரோ. பதிலுக்குத் துருக்கி ஏஜியன் கடலைக் காவல் காக்கும். நான்காண்டு கழித்து, 2020 பிப்ரவரி இறுதியில், சிரியாவின் இத்லிப்பில் தன் வீரர்கள் கொல்லப்பட்ட நெருக்கடியில் துருக்கி அதிபர் எர்டோகன் மேற்கு எல்லையைத் திறந்துவிட்டதாக அறிவித்தார். ஆயிரக்கணக்கானோர் பஸார்குலே எல்லைவாயிலில் குவிந்தார்கள். கிரீஸ் கண்ணீர்ப்புகை வீசியது. புதிய தஞ்ச விண்ணப்பங்களை ஒரு மாதம் நிறுத்தியது. 2021 மே மாதம் மொராக்கோவுக்கும் ஸ்பெயினுக்கும் மேற்குச் சஹாரா தலைவர் ஒருவரின் சிகிச்சை குறித்துச் சச்சரவு வந்தபோது, மொராக்கோ காவலைத் தளர்த்தியது. இரண்டு நாளில் ஏறத்தாழ 8,000 பேர் ஸ்பெயினின் செயுட்டா நகருக்குள் நுழைந்தார்கள், அவர்களில் கணிசமானோர் சிறுவர்கள். மனிதர்களைத் தேக்கி வைப்பதற்குக் கூலி கொடுத்துவிட்டு, அணை திறக்கப்படும்போது அதிர்ச்சியடைவதில் நியாயமில்லை.

வேலை அனுமதிக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. நிலையாக வேலை செய்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, ஊரோடு ஒன்றிவிட்ட அகதியைக் காட்டி யாரிடமும் பணம் கேட்க முடியாது. எப்போது வேண்டுமானாலும் கிளம்பக்கூடியவராக இருந்தால்தான் பேரத்தில் அவருக்கு எடை. ஆகவே அனுமதி ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்க வேண்டியதாகவும், முதலாளி மாறினால் கலைந்துவிடுவதாகவும், அரைகுறையாகவுமே இருக்கும். இதற்கு எந்த அதிகாரியின் கெட்ட எண்ணமும் தேவையில்லை. ஏற்பாட்டின் இயல்பே இதைச் செய்துவிடும்.

பணம் வற்றும் நாளில் என்ன ஆகும் என்பதற்கும் ஜோர்டானே சாட்சி. சிரியர்களின் அனுமதிக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்திருந்த ஏற்பாடு 2024 நடுப்பகுதியில் முடிவுக்கு வந்தது. கட்டணம் திரும்பியது, அன்றாடக் கூலிக்கு அது எட்டாத தொகை. எட்டாண்டாகச் சட்டப்படி உழைத்தவர் மறுபடியும் ஆய்வாளரைக் கண்டால் ஒளிய வேண்டும். இதை உரிமை என்று சொல்ல முடியுமானால், வாடகை வீட்டைச் சொந்த வீடு என்றும் சொல்லலாம்.

பேரம் இல்லாமல் எந்த நாடு கொடுக்கும்?

எதிர்த்தரப்பின் கடைசிக் கேள்வி இது, வலுவான கேள்வியும்கூட. பதில்: கொடுத்த நாடுகள் இருக்கின்றன. உகாண்டா 2006-ஆம் ஆண்டு அகதிகள் சட்டத்திலேயே வேலை உரிமையை எழுதி வைத்தது. இன்று அந்த நாட்டில் 15 லட்சத்துக்கும் மேற்பட்ட அகதிகள். கொலம்பியாவில் 2021 பிப்ரவரியில் வலதுசாரி அதிபர் இவான் டூக்கே, ஏறத்தாழ 17 லட்சம் வெனிசுவேலர்களுக்குப் பத்தாண்டுத் தற்காலிகப் பாதுகாப்பை அறிவித்தார். எந்த முதலாளியிடமும் வேலை செய்யலாம், தொழிலை மாற்றிக்கொள்ளலாம். இரண்டு நாடுகளும் பணக்கார நாடுகள் அல்ல. கொலம்பியாவில் வெனிசுவேலர்கள் பலர் இன்னும் முறைசாரா வேலையில்தான் இருக்கிறார்கள், பட்டங்களுக்கு அங்கீகாரம் கிடைப்பது தாமதமாகிறது. உகாண்டாவில் உணவுப்பொருள் ஒதுக்கீடு வெட்டப்பட்டு மக்கள் வாடுகிறார்கள். உரிமை கொடுத்த நாடுகளுக்கு உதவி குறைவாகவே வருகிறது. வாசலை மூடுவதாக மிரட்டும் நாடுகளுக்குக் கோடிகள் போகின்றன. இந்தப் பாடத்தை உலக அரசுகளுக்குக் கற்றுக்கொடுத்தது பேர அரசியல்தான்.

பணமே கொடுக்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. மஃப்ரக்கின் குடிநீருக்கும், இரண்டு ஷிஃப்டில் நடக்கும் பள்ளிகளுக்கும், இர்பித் மருத்துவமனைகளுக்கும் கொடுங்கள். அகதிகள் எத்தனை பேர் ஐரோப்பாவுக்கு வரவில்லை என்று எண்ணாமல் கொடுங்கள். 1951 உடன்படிக்கையின் 17-ஆம் பிரிவு, ஒரு நாட்டில் மூன்றாண்டு வசித்த அகதிக்கு, உள்நாட்டுத் தொழிலாளரைக் காக்கப் போடும் வேலைக் கட்டுப்பாடுகள் பொருந்தாது என்கிறது. ஜோர்டான் அதில் கையெழுத்திடவில்லை. பணம் கொடுக்கும் ஐரோப்பிய நாடுகள் கையெழுத்திட்டவை. அவர்கள் கேட்டிருக்க வேண்டியது அந்தப் பிரிவு. அனுமதி முதலாளியின் பெயரில் இல்லாமல் உழைப்பவரின் பெயரில் இருக்க வேண்டும், ஓராண்டுக்குப் பதில் பல ஆண்டுகளுக்கு வேண்டும், கட்டணத் தள்ளுபடி நிரந்தரமாக இருக்க வேண்டும், சூடானியருக்கும் யேமனியருக்கும் அதே சீட்டு வேண்டும். இவற்றை முன்னிறுத்தாமல் 52 வகைப் பொருள்களின் பட்டியலைப் பேசி முடித்தார்கள்.

2024 டிசம்பர் 8-இல் சிரியாவில் அசாத் ஆட்சி விழுந்தது. சிரியர்கள் திரும்பிப் போகத் தொடங்கியிருக்கிறார்கள். இனி அகதி அனுமதியைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று கேட்கிறார்கள். இப்போதுதான் அதிகம் இருக்கிறது. இடிந்த வீட்டைப் போய்ப் பார்த்துவிட்டு வரவும், அங்கே கூரை போடப் பணம் சேர்க்கவும், பிள்ளையின் பள்ளி ஆண்டு முடியும்வரை காத்திருக்கவும் ஒருவருக்குக் கையில் வேலை வேண்டும். கட்டணம் கட்ட முடியாமல் அனுமதி இழந்து, வாடகை பாக்கியில் மூட்டை கட்டுகிறவரைத் தானாகவே திரும்பியவர் என்று பதிவேட்டில் எழுதுவது பொய்க்கணக்கு. அந்தப் பதிவேட்டைப் பார்த்து அடுத்த நன்கொடைக் கூட்டம் கைதட்டும் முன், ஜோர்டான் அரசிடமும் அதற்குப் பணம் கொடுக்கும் அரசுகளிடமும் கேட்க வேண்டியது ஒன்றுதான்: திரும்பிப் போனவர்களில் எத்தனை பேரிடம், கிளம்பிய நாளில், செல்லுபடியாகும் வேலை அனுமதி இருந்தது?